கெய்ரோவில் பந்து அடித்தான், சைதாப்பேட்டையில் பணம் போச்சு! ஸ்குவாஷ் ஆட்டத்தையும் விட்டுவைக்காத பெட்டிங் கும்பல்

ராத்திரி மணி பதினொன்று. சைதாப்பேட்டையில் ஒரு குமாஸ்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கியாச்சு. மனுஷன் மட்டும் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு முழிக்கிறார். கிரிக்கெட் இல்லை. கால்பந்து இல்லை. கெய்ரோவில் யாரோ இரண்டு பேர் ஸ்குவாஷ் ஆடுகிறார்கள். ஒருத்தர் பெயரைக்கூட இவருக்கு ஒழுங்காக வாசிக்க வராது. ஆனால் அந்த ஆசாமி அடுத்த புள்ளியை எடுப்பான் என்று 500 ரூபாய் கட்டியிருக்கிறார்!

கட்டிய பணம் எந்த ஊருக்குப் போகிறது? ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள்? ஸ்கோரை யார் சொல்கிறார்கள்? அவருக்குத் தெரியாது. போனில் நம்பர் மாறுகிறது. பச்சை வந்தால் ஜெயிப்பு, சிவப்பு வந்தால் அம்போ!

வடசென்னைக்காரர்களுக்கு இது புதுசாக இருக்காது. 'காட்டன்' சூதாட்டம் தெரியாத பேட்டை உண்டா? அந்தப் பெயர் ஏன் வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு காலத்தில் அமெரிக்காவில் நியூயார்க் பஞ்சு மார்க்கெட்டில் விலை எவ்வளவு என்று பம்பாய்க்குத் தகவல் வரும். அந்த நம்பர் மேல் பணம் கட்டினார்கள். பஞ்சை யாரும் பார்த்ததில்லை, நியூயார்க்கையும் பார்த்ததில்லை. 1961ல் அந்தத் தகவல் வருவது நின்றது. சூதாட்டம் நின்றதா? பானைக்குள் சீட்டுப் போட்டு எடுத்து 'மட்கா' என்று ஆடினார்கள். இப்போது பஞ்சுக்குப் பதில் பந்து. அவ்வளவுதான்.

அது என்ன ஆட்டம்?

ஸ்குவாஷ் என்பது நாலு சுவருக்குள் ஆடும் ஆட்டம். 32 அடி நீளம், 21 அடி அகலம். நம்ம ஊர் ஒண்டுக்குடித்தன வீட்டு முற்றம் மாதிரி. நடுவில் வலை கிடையாது. இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று, எதிர்ச்சுவரில் மாறி மாறி ரப்பர் பந்தை அடிக்க வேண்டும். பந்து இரண்டு தரம் தரையில் குதித்தால் அடித்தவருக்குப் புள்ளி. சுவரின் அடியில் 17 அங்குல உயரத்துக்கு ஒரு தகரப் பட்டை. அதில் பட்டால் 'டங்' என்று சத்தம். அடித்தவர் அவுட்! 11 புள்ளி எடுத்தால் ஒரு கேம். ஐந்தில் மூன்று கேம் எடுத்தவர் ஜெயித்தார்.

பணக்காரர் கிளப் ஆட்டம் என்று பெயர். ஆனால் இதன் பாட்டன் ஆட்டம் வளர்ந்த இடம் ஜெயில்! லண்டனில் ஃப்ளீட் சிறை என்று ஒன்று இருந்தது. கடன் வாங்கிக் கட்ட முடியாதவர்களை அடைக்கிற ஜெயில். பொழுது போகாமல் கைதிகள் சிறைச் சுவரில் மட்டையால் பந்தை அடித்தார்கள். அதுதான் 'ராக்கெட்ஸ்'. 1820ல் அந்த ஆட்டத்தின் முதல் உலக சாம்பியன் என்று சொல்லிக்கொண்டவரே ஒரு கடன்காரக் கைதிதான். அங்கிருந்து ஹாரோ பள்ளிக்கூடத்துக்குப் போய், பந்து மெத்தென்று மாறி, ஸ்குவாஷ் ஆனது. கடன்காரர் ஜெயிலில் வளர்ந்த ஆட்டத்தின் பேரைச் சொல்லி இன்றைக்கு ஆளைக் கடன்காரன் ஆக்குகிறார்கள்!

சென்னைக்கும் இந்த ஆட்டத்துக்கும் நெருங்கிய சொந்தம். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேரு பூங்கா பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்திருக்கலாம், இந்திய ஸ்குவாஷ் அகாடமி அங்கேதான். ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் நம்ம ஊர்ப் பெண்கள். 2014ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரட்டையரில் தங்கம் வாங்கினார்கள். 2023ல் உலகக் கோப்பையை ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ வணிக வளாகத்தில் கண்ணாடி அறை கட்டி நடத்தினார்கள். எகிப்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. 2025 டிசம்பரில் மறுபடியும் சென்னையில் போட்டி. இந்த முறை இறுதி ஆட்டத்தில் ஹாங்காங்கை 3-0 என்று சாத்தி, இந்தியா முதல் முறையாகக் கோப்பை வாங்கியது. ஜோஷ்னா அந்த டீமில் இருந்தார். 2028ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கிலும் இந்த ஆட்டம் உண்டு. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய ஒலிம்பிக் கமிட்டிதான் அதை முடிவு செய்தது.

ஆட்டத்துக்குப் பேர் வந்தால், பின்னாலேயே பெட்டிங்கும் வரும்.

1,000 ரூபாய் கட்டினால் லாபம் 100!

கணக்கைப் பார்ப்போம். கடைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும்.

பலமான ஆட்டக்காரர் ஒருவர், நோஞ்சான் ஒருவர். பலமானவர் மேல் கட்டினால் '1.10' என்று போட்டிருப்பான். அதாவது 1,000 ரூபாய் கட்டி ஜெயித்தால் 1,100 கிடைக்கும். லாபம் 100. தோற்றால் 1,000 காலி. பதினோரு தரம் கட்டினால் பத்து தரம் ஜெயித்தாக வேண்டும். அப்போதுதான் முதலுக்கு மோசம் இல்லை. லாபம் இல்லை சாமி, முதல் திரும்பும், அவ்வளவுதான்!

இரண்டு பேரும் சம பலம் என்றால்? இரண்டு பக்கமும் '1.85' என்று போடுவான். ஒருத்தர் இந்தப் பக்கம் 1,000, இன்னொருத்தர் அந்தப் பக்கம் 1,000 கட்டுகிறார். பெட்டியில் விழுந்தது 2,000. ஜெயித்தவருக்குக் கொடுப்பது 1,850. மீதி 150 பெட்டிங்காரன் பைக்குள். யார் ஜெயித்தால் அவனுக்கு என்ன? வட்டிக்கடைக்காரன்கூட மாதம் முடியக் காத்திருப்பான். இவன் ஐந்து நிமிஷத்தில் எடுத்துவிடுகிறான்.

கையில் உள்ள 1,000 ரூபாயை இப்படிப் பத்து ஆட்டத்தில் திரும்பத் திரும்பச் சுற்றினால், சராசரிக் கணக்கில் 460 ரூபாய்கூட மிஞ்சாது. ராசி, ஜாதகம் எல்லாம் அப்புறம். இது வெறும் பெருக்கல்.

இதில் இன்னொரு பொறி. ஒரு மேட்ச் முடிய எப்படிப் பார்த்தாலும் 33 புள்ளியாவது ஆட வேண்டும். நல்ல போட்டியென்றால் நூறையும் தொடும். அடுத்த புள்ளி யாருக்கு, அடுத்த கேம் யாருக்கு என்று ஒவ்வொன்றுக்கும் பந்தயம் வைக்கிறான். கிண்டியில் குதிரை ஓடிய காலத்தில் ஒரு ரேஸுக்கும் அடுத்த ரேஸுக்கும் நடுவில் டீ குடிக்க நேரம் இருந்தது. கையில் இருந்தது தீர்ந்தால் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். இதில் மூச்சு விட நேரம் கிடையாது.

ஆட்டம் தெரிந்தவனாவது தப்பிப்பானா? அதுவும் இல்லை. 2006ல் எகிப்தில் பிரமிடுகள் பக்கத்தில் கண்ணாடி அறை போட்டு உலகப் போட்டி நடத்தினார்கள். இறுதி ஆட்டத்தில் பிரான்சின் கோத்தியே முதல் இரண்டு கேமையும் எடுத்துவிட்டார். ஆஸ்திரேலியாவின் டேவிட் பால்மர் கதை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். மூன்றாவது கேம் 11-9. நாலாவதில், இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் பட்டம் என்ற இடத்துக்கு கோத்தியே வந்தார். விடவில்லை பால்மர். 16-14. ஐந்தாவது 11-2. கோப்பை பால்மருக்கு!

இன்னொரு கதை. பாகிஸ்தானின் ஜஹாங்கீர் கான் 1981ல் இருந்து ஐந்தரை வருஷத்துக்கு மேல் யாரிடமும் தோற்கவில்லை. அவர் தோற்பார் என்று பணம் கட்டுகிறவனைப் பைத்தியம் என்பார்கள். 1986 நவம்பரில் பிரான்சில் துலூஸ் நகரத்தில் நியூசிலாந்தின் ராஸ் நார்மன் அவரைச் சாய்த்தார். 'இது நிச்சயம்' என்று எதையாவது நம்பி மொத்தப் பணத்தையும் கொட்டுகிறவர்கள் அந்த நவம்பரைத் தேடிப் படிக்கலாம்.

முந்திக்கொள்ளும் கில்லாடிகள்

நியாயமாக நடக்கிற ஆட்டத்திலேயே இந்தக் கதி. வில்லங்கம் புகுந்தால்?

கெய்ரோவில் பந்து தகரத்தில் பட்டு 'டங்' என்று சத்தம் வருகிறது. அங்கே இருக்கும் ஒருத்தர் கருவியில் ஸ்கோரை அழுத்துகிறார். அது கம்பெனிக்குப் போய், அங்கிருந்து நம்ம குமாஸ்தா போனுக்கு வருகிறது. படம் வர இன்னும் சில வினாடி. அந்தச் சில வினாடியில் கேலரியில் உட்கார்ந்திருக்கும் ஒருவன் தன் ஆளுக்குச் சேதி அனுப்பிவிட்டால்? முடிந்து போன புள்ளிக்குப் பணம் கட்டலாம்! வெள்ளிக்கிழமை நடந்த ரேஸுக்குச் சனிக்கிழமை டிக்கெட் வாங்குகிற மாதிரி.

கற்பனை இல்லை இது. 2014ல் ஆஸ்திரேலிய ஓபன் டென்னிஸில், கால்சட்டைக்குள் மறைத்த கருவியால் ஸ்கோரை அனுப்பினார் என்று ஒரு பிரிட்டிஷ் வாலிபரை மெல்போர்ன் போலீசார் பிடித்தார்கள். பிறகு வழக்கைக் கைவிட்டார்கள். அதைவிட பகீர் சேதி 2016ல் வந்தது. சின்ன டென்னிஸ் போட்டிகளில் சில நடுவர்களே பெட்டிங் ஆசாமிகளோடு கூட்டு! புள்ளி முடிந்ததும் கருவியை அழுத்தாமல் வேண்டுமென்றே தாமதம் செய்திருக்கிறார்கள். அந்த இடைவெளியில் கூட்டாளிகள் பணத்தை அள்ளினார்கள். வேலிதான் பயிரை மேய்ந்தது.

இங்கே போர்வைக்குள் இருக்கும் மனுஷன் யாரோடு பந்தயம் கட்டுகிறார் பார்த்தீர்களா? விடை தெரிந்தவனோடு!

ஒரே ஆள் போதும்

கிரிக்கெட்டில் ஆட்டத்தையே புரட்ட வேண்டுமென்றால் பல பேரைச் சரிக்கட்ட வேண்டும். அதையே செய்தார்கள். 2000ல் டெல்லி போலீசார் டெலிபோன் பேச்சைப் பதிவு செய்து தென்னாப்பிரிக்கக் கேப்டன் ஹான்சி குரோனியே விவகாரத்தை வெளியே கொண்டுவந்தார்கள். 2013ல் ஐ.பி.எல். சூதாட்ட விவகாரம் வெடித்து, 2015ல் நம்ம சென்னை டீமுக்கே இரண்டு வருஷம் தடை விழுந்தது.

ஒற்றைக்கு ஒற்றை ஆடும் ஆட்டத்தில் ஒரே ஒரு ஆள் போதும். தகரப் பட்டைக்கு ஒரு அங்குலம் மேலே பட வேண்டிய பந்து, ஒரு அங்குலம் கீழே பட்டால் புள்ளி போச்சு. கை தவறியதா, மனசு தவறியதா? எந்தக் கேமராவும் சொல்லாது. 2007ல் போலந்தில் நடந்த டென்னிஸ் ஆட்டத்தில் உலகின் நாலாம் நம்பர் ஆட்டக்காரர் டேவிடென்கோ முதல் செட்டை ஜெயித்த பிறகும், தரவரிசையில் எங்கோ பின்னால் இருந்த எதிராளி மேல் பணம் கொட்டியது. டேவிடென்கோ காலில் காயம் என்று பாதியில் விலகினார். பந்தயம் நடத்திய கம்பெனியே சந்தேகப்பட்டு எல்லாப் பந்தயத்தையும் ரத்து செய்தது. ஒரு வருஷத்துக்கு மேல் விசாரித்து, ஆட்டக்காரர்கள் மேல் குற்றத்துக்கு ஆதாரம் இல்லை என்று விட்டார்கள். மனுஷன் நிரபராதி. ஆனால் இன்றைக்கும் அவர் பெயரைச் சொன்னால் அந்த மேட்ச்தான் ஞாபகம் வருகிறது.

அதுதான் ஆட்டக்காரர்கள் பயம். ஸ்குவாஷ் ஆட்டக்காரர்கள் மேல் நாம் பழி போடவில்லை. தொழில்முறை ஸ்குவாஷ் சங்கத்தின் விதிப்படி ஆட்டக்காரர்கள் ஸ்குவாஷ் மேல் ஒரு பைசா பந்தயம் கட்டக்கூடாது. ஆனால் வருமானத்தைப் பாருங்கள். உலக சாம்பியன் போட்டியில் மொத்தப் பரிசு 10 லட்சம் டாலரைத் தாண்டியது உண்மை. அடிமட்டத்தில் மொத்தப் பரிசே 3 ஆயிரம் டாலர் என்ற அளவில் நடந்த போட்டிகள் உண்டு. அதைத்தான் வந்தவர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். முதல் ரவுண்டில் தோற்றவருக்கு விமான டிக்கெட் காசுகூடத் தேறாது. மட்டை, ஷூ, லாட்ஜ் வாடகை எல்லாம் அப்பன் பணம். அந்தப் பையன் ஆடுகிற ஆட்டத்தின் மேல் எங்கோ உட்கார்ந்து யாரோ அவன் பரிசைப் போல் பல மடங்கு கட்டலாம். ஆட்டத்தை ஆடுகிறவனுக்குச் சில்லறை, வேடிக்கை பார்க்கிறவனுக்கு நோட்டுக் கட்டு!

ஆட்டமே பொய்!

யாரும் பார்க்காத ஆட்டத்தில் பணம் கட்டினால் என்ன நடக்கும் என்பதற்கு குஜராத்தில் ஒரு பலே கூத்து நடந்தது. 2022 ஜூலை. மேசானா மாவட்டம் மோலிப்பூர் கிராமம். ஒரு வயலை வாடகைக்கு எடுத்தார்கள். விளக்குப் போட்டார்கள், கேமரா வைத்தார்கள். கூலிக்காரர்களையும் வேலையில்லாத வாலிபர்களையும் பிடித்து, ஆட்டத்துக்கு 400 ரூபாய் பேசி, ஐ.பி.எல். டீம் பனியனைப் போட்டுவிட்டார்கள். நம்ம சென்னை டீம் பனியனும் அதில் உண்டு! பிரபல வர்ணனையாளர் குரலில் பேச ஒரு மிமிக்ரி ஆசாமி. கூட்டத்தின் கைதட்டலுக்கு ஒலிப்பதிவு. நடுவருக்கு வாக்கி-டாக்கியில் உத்தரவு வரும், 'இப்போ அவுட் கொடு, இப்போ சிக்ஸர்'.

யாருக்கு இந்த நாடகம்? ரஷ்யாவில் உட்கார்ந்து பந்தயம் கட்டியவர்களுக்கு! இதுதான் ஐ.பி.எல். என்று நம்பிப் பணத்தைக் கொட்டினார்கள். கால் இறுதி வரைக்கும் வந்துவிட்டது. அப்புறம்தான் போலீசார் நுழைந்தார்கள்.

சிரிப்பு வருகிறதல்லவா? ரஷ்யாக்காரனுக்கு கிரிக்கெட் எப்படியோ, நமக்கு ஸ்குவாஷ் அப்படி. 2020ல் கொரோனா ஊரடங்கில் எல்லா விளையாட்டும் நின்றபோது, ரஷ்யாவிலும் உக்ரைனிலும் சின்ன ஹாலுக்குள் நடந்த டேபிள் டென்னிஸ் ஆட்டங்கள் மேல் உலகமே பணம் கட்டியது. ஆட்டம் எதுவாக இருந்தாலும் சரி, நம்பர் ஓடினால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தில் 1961ல் இருந்து தெருவுக்குத் தெரு லைசென்ஸ் வாங்கிய பெட்டிங் கடை உண்டு. அங்கே ஸ்குவாஷுக்குப் பந்தயம் கட்டினால் குற்றம் இல்லை. நம்ம போனுக்கு வருவது அந்தக் கடை இல்லை. கரீபியன் கடலில் குராசாவ் மாதிரி ஒரு தீவில் பதிவு செய்த கம்பெனி. ஏமாந்தால் எந்த ஸ்டேஷனுக்குப் போவீர்கள்?

தமிழ்நாட்டில் சூதாட்டத்தை ஒழிக்க நடந்த முயற்சிகள் கொஞ்சநஞ்சம் இல்லை. குதிரைப் பந்தயத்துக்கு எதிராக 1974லேயே சட்டம் போட்டார்கள். குதிரைப் பந்தயம் திறமை ஆட்டம் என்று 1996ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதால் அது ஓடிக்கொண்டே இருந்தது. 2024 செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையே அரசு எடுத்துக்கொண்டது. லாட்டரி 2003 ஜனவரியில் ஒழிந்தது. ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2022ல் சட்டசபையில் நிறைவேறி, கவர்னர் திருப்பி அனுப்பி, 2023ல் மறுபடி நிறைவேறியது. அதன்படி ஆடுகிறவருக்கே 3 மாதம் வரை ஜெயில், அல்லது 5 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் நிறைவேற்றியது. நடத்துகிறவனுக்கு 3 வருஷம் வரை ஜெயில், ஒரு கோடி வரை அபராதம். பணப் பட்டுவாடாவுக்குத் துணை போகிறவர்களுக்கும் அதே தண்டனை.

அந்தக் கடைசி வரியைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும்.

வாடகைக்கு அக்கவுண்ட்!

தீவில் இருக்கிற கம்பெனிக்கு சைதாப்பேட்டைப் பணம் எப்படிப் போகிறது? நேராகப் போகாது. யாராவது ஒரு ஏழைப் பையனின் பேங்க் அக்கவுண்ட் வழியாகப் போகும். 'உன் அக்கவுண்டை ஒரு மாதம் கொடு தம்பி, சில ஆயிரம் தர்றேன். ஏ.டி.எம். கார்டும் சிம்மும் மட்டும் போதும், மீதி நாங்க பாத்துக்கறோம்' என்று ஒருத்தன் வருவான். இப்படி வாங்கிய அக்கவுண்டுக்கு போலீசார் வைத்திருக்கும் பேர் 'மியூல்', அதாவது கோவேறு கழுதை. யார் மூட்டையையோ சுமக்கிறது, அடி மட்டும் அதற்கு.

பணம் அந்த அக்கவுண்டில் விழுந்ததும் நாலைந்து அக்கவுண்டுக்குப் பிரிந்து பறந்துவிடும். நாளைக்கு ஏதாவது ஒரு ஊரில் ஒருத்தர் புகார் கொடுத்தால், போலீசார் பிடிக்கிற முதல் நூல் எது? அக்கவுண்ட் புத்தகத்தில் இருக்கிற பேர். பையன் ஒரு பந்தயமும் கட்டியிருக்க மாட்டான். ஸ்குவாஷ் மட்டை எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. ஆனால் முகவரி அவனுடையது, ஆதார் அவனுடையது, கையெழுத்து அவனுடையது. கார்டு வாங்கிப் போனவன் எப்போதோ கம்பி நீட்டியிருப்பான்.

புகார் வந்த அக்கவுண்டை முடக்கினால், அதில் இருக்கும் சம்பளப் பணத்தையும் எடுக்க முடியாது. கடைக்காரர்களும் உஷாராக இருக்க வேண்டும். தெரியாத ஆள் வந்து 'உங்க க்யூ.ஆர். கோடில் 10 ஆயிரம் போடறேன், கையில் ரொக்கமா கொடுங்க, கமிஷன் வெச்சுக்கங்க' என்று கேட்டால், அந்த 10 ஆயிரம் யாருடைய 10 ஆயிரம் என்று யோசித்துவிட்டுக் கல்லாவைத் திறங்கள்.

பணம் பறிகொடுத்தவர்கள் கூப்பிட வேண்டிய சைபர் கிரைம் உதவி எண் 1930. விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கூப்பிட்டால், பணம் அடுத்த அக்கவுண்டுக்குத் தாவும் முன் மடக்க வழி இருக்கிறது. அக்கவுண்டை யாரிடமாவது கொடுத்துவிட்டு முழிப்பவர்கள், கார்டை முடக்கிவிட்டு, பேங்க் கிளைக்கு எழுத்துமூலம் தெரிவித்து, நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.